ஒரு முழு சினிமாவை ஒரே ஃபோட்டோவில் எடுத்தால் என்ன ஆகும்?

பழைய சினிமா தியேட்டர் ஒன்றின் உட்புறம், கறுப்பு வெள்ளைப் படம். வரிசை வரிசையாக இருக்கைகள், இரண்டு பக்கமும் பூவேலை செய்த சுவர், மேலே வளைந்து இறங்கும் கூரை, நடுவில் பளீரென்று வெள்ளையாக ஒரு செவ்வகம். திரைதான் அது. அதில் எதுவுமே இல்லை. முதல் தடவை இதைப் பார்த்தபோது, புரொஜெக்டரில் ரீல் மாட்டாமலே விளக்கைப் போட்டுவிட்டார்கள் போல என்றுதான் நினைத்தேன்.

உண்மையில் அந்த வெள்ளைக்குள் ஒரு முழு சினிமா இருக்கிறது. டைட்டில், சண்டை, காதல், கிளைமாக்ஸ், கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் எல்லாமே. படம் ஆரம்பிக்கும்போது கேமராவின் ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடியிருக்கிறார் ஒருத்தர். ஹிரோஷி சுகிமோட்டோ என்று பெயர். 1948இல் டோக்கியோவில் பிறந்தவர், 1970இல் அமெரிக்கா போய் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபோட்டோகிராஃபி படித்தார், 1974இல் நியூயார்க்கில் குடியேறினார். 'தியேட்டர்ஸ்' என்ற இந்த வரிசையை 1970களின் பின்பாதியில் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு நாற்பது வருஷத்துக்கும் மேலாக எடுத்திருக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், எக்ஸ்போஷர், அதாவது ஃபோட்டோவுக்கு எவ்வளவு ஒளி கொடுக்கிறோம் என்பது. ஃபோட்டோ என்றாலே ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது என்றுதான் நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது, பட்டனை அழுத்தினால் கிளிக், முடிந்தது வேலை. ஆனால் ஃபிலிமுக்கோ சென்சாருக்கோ கணம் என்றெல்லாம் ஒன்றும் தெரியாது. ஷட்டர் திறந்திருக்கும் வரை தன்மேல் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

வீட்டில் பத்து வருஷமாகச் சுவரில் தொங்கும் படத்தைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் ஒரு சதுரம் மட்டும் புது பெயிண்ட் மாதிரி இருக்கும், சுற்றியிருக்கும் சுவர் வெளுத்திருக்கும். எந்த ஒரு நாளிலும் அது வெளுத்ததை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து செய்த வேலை. அந்தச் சுவரும் ஒரு ஃபோட்டோதான், பத்து வருஷ எக்ஸ்போஷர் கொடுத்த ஃபோட்டோ.

கேமராவில் இதைக் கட்டுப்படுத்த மூன்று வழி உண்டு. லென்ஸின் துளை எவ்வளவு பெரிது (அபர்ச்சர்), ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, ஃபிலிமோ சென்சாரோ எவ்வளவு சீக்கிரம் ஒளியை உணர்கிறது (ஐஎஸ்ஓ). குழாயை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் விடுகிறோம், குடம் எவ்வளவு பெரிது என்கிற மாதிரி. குடம் நிரம்பிய பிறகும் தண்ணீர் விட்டால் வழிந்து வீணாகிறது இல்லையா, ஃபோட்டோவில் அப்படி வழிகிற இடம்தான் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு ஒளி கொட்டினாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நீண்ட எக்ஸ்போஷரில் அசையாமல் நிற்பதுதான் பதியும், அசைவது கரைந்துபோகும். 1838இல் பாரிஸில், ஃபோட்டோகிராஃபியின் முன்னோடிகளில் ஒருவரான டாகர் ஒரு தெருவை ஜன்னலிலிருந்து படமெடுத்தார். பொலவார் தூ தாம்ப்ல் என்ற அந்தத் தெரு வண்டியும் ஜனமுமாக எப்போதும் நெரிசலாக இருக்கும். படத்திலோ தெரு காலி. ஃபிலிமுக்குப் பதிலாக அன்று இருந்த தகடு சில நிமிடம் ஒளி வாங்க வேண்டியிருந்ததால் போனவர் வந்தவர் யாருமே பதியவில்லை, நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒருவரும் போட்டுவிட்டவரும் மட்டும் மங்கலாக மாட்டிக்கொண்டார்கள். ஃபோட்டோவில் பதிந்த முதல் மனிதர்கள் என்று பொதுவாக இவர்களைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது சினிமாவுக்கு வருவோம். ஃபிலிமில் ஓடும் சினிமா நொடிக்கு 24 நிலைப்படங்கள். இரண்டு மணி நேரப் படம் என்றால் 24 × 60 × 120, அதாவது 1,72,800 படங்கள். சுகிமோட்டோ செய்வது இந்த ஒன்றே முக்கால் லட்சம் ஃபோட்டோக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாள் ஃபிலிமில் அடுக்குவது. இதில் ஒரு வேடிக்கை, ஒவ்வொரு படமாக ஃபிலிம் நகரும்போது அந்த நகர்வு நமக்குத் தெரியாமல் இருக்க புரொஜெக்டருக்குள் ஒரு தகடு சுழன்று ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும், ஆகவே தியேட்டரில் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருக்கிறது. நம் கண் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

சரி, ஒரு கேள்வி. சினிமாவில் வெளிச்சமான காட்சியும் உண்டு, இருட்டுக் காட்சியும் உண்டு, எல்லாவற்றையும் கலந்தால் சராசரியாகச் சாம்பல் நிறம்தானே வரவேண்டும்? வெள்ளை ஏன் வருகிறது? எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. பலர் இதைப் பற்றி எழுதும்போது "எல்லாக் காட்சியும் கலந்து வெள்ளையாகிவிடுகிறது" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதியைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நானே வீட்டில் செய்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

இந்த யோசனை சுகிமோட்டோவுக்கு வந்த விதம் சுவாரசியமானது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த மிருகங்களை நிறுத்தி, பின்னணியில் காடும் பனியும் தீட்டி வைத்திருக்கிறார்கள் இல்லையா, டயோராமா என்பார்கள், அவற்றை அப்போது படமெடுத்துக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தால் பொம்மை மாதிரிதான் இருக்கிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நிஜமாகிவிடுகிறது என்று கவனித்திருக்கிறார். கேமராவுக்கு ஒற்றைக் கண். ஆக, 1976இல் அவர் எடுத்த பனிக்கரடி, பனிப்பாறை மேல் தான் அடித்த கடல்நாயைப் (சீல்) பார்த்து நிற்கும் உயிருள்ள கரடியாகவே தெரியும்.

அந்த நாட்களில் ஒரு மாலை, தனக்குத்தானே கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் பழக்கம் உள்ள மனிதருக்கு, ஒரு கேள்வி வந்தது. ஒரு முழு சினிமாவை ஒரே ஃபிரேமில் எடுத்தால்? உடனே மனத்துக்குள் பதிலும் வந்தது, ஒளிரும் திரை. அதைச் சோதித்துப் பார்க்க, டூரிஸ்ட் மாதிரி உடுத்திக்கொண்டு, பெரிய கேமராவோடு நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் இருந்த செயின்ட் மார்க்ஸ் என்ற மலிவு டிக்கெட் தியேட்டருக்குள் போய்விட்டார். படம் ஆரம்பித்ததும் துளையை முழுசாகத் திறந்து ஷட்டரைத் திறந்தார், இரண்டு மணி நேரம் கழித்து மூடினார், அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கழுவியும் பார்த்துவிட்டார். நினைத்தது அப்படியே வந்திருந்தது.

எனக்கு இதில் பிடித்தது வரிசைதான். நாமெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் எதாவது கிடைக்குமா என்று பார்ப்போம். இவர் படத்தை மண்டைக்குள்ளேயே எடுத்து முடித்துவிட்டு, அது சரியா என்று பார்க்கத்தான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இவருடைய எல்லா வரிசையும் இப்படி ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஆதி மனிதன் பார்த்த காட்சியை அப்படியே இன்றைக்கும் ஒருவர் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார். மலை மாறியிருக்கும், காடு போயிருக்கும், கடல் மட்டும் அப்படியே இருக்கும் என்று 1980இல் ஜமைக்காவில் தொடங்கி உலகமெங்கும் கடல்களை எடுத்தார். படகோ கரையோ பறவையோ எதுவும் கிடையாது, மேல் பாதி வானம், கீழ்ப் பாதி நீர், அடிவானக்கோடு சரியாக நடுவில். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் "இதில் என்ன இருக்கிறது" என்று தோன்றலாம், பத்தை வரிசையாகப் பார்த்தால் ஒரு கடல் மாதிரி இன்னொன்று இல்லை என்று தெரியும். இன்னொரு வரிசையில் பெரிய பெரிய கட்டிடக் கலைஞர்கள் கட்டியவற்றை வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுத்தார், மங்கின பிறகும் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க.

தியேட்டர் படங்களுக்குத் திரும்பலாம். பெரும்பாலும் 8×10 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெட்டிக் கேமராதான். சாதாரண 35 எம்எம் ஃபிலிமின் ஒரு ஃபிரேமோடு ஒப்பிட்டால் பரப்பளவில் கிட்டத்தட்ட 60 மடங்கு. அதனால்தான் இருட்டில் கிடக்கும் ஓரத்து இருக்கையின் கைப்பிடி வரைக்கும் துல்லியமாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 1920களிலும் 30களிலும் கட்டிய அரண்மனை மாதிரியான தியேட்டர்களைத் தேடிப் போனார், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால், ஒஹாயோவின் ஆக்ரன் சிவிக் என்று. இந்தப் படங்களின் தலைப்பாகத் தியேட்டர் பெயர், ஊர், வருஷம் மட்டும்தான் போடுவார், அன்று என்ன சினிமா ஓடியது என்பது தலைப்பில் இருக்காது. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், நானும் கேட்டேன்.

1993 வாக்கில் டிரைவ்-இன் தியேட்டர்களை எடுத்தார், காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளியில் படம் பார்க்கும் இடம். அங்கேயும் வெள்ளைத் திரைதான், ஆனால் மேலே வானம் இருக்கிறதே. ஷட்டர் திறந்தே இருந்த நேரத்தில் நட்சத்திரங்கள் நகர்ந்த வழி சின்னச் சின்னக் கோடுகளாகவும், விமானங்கள் போன வழி நீண்ட கீறல்களாகவும் விழுந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் யூனியன் சிட்டியில் எடுத்ததைப் பாருங்கள், திரைக்குள் கதை முழுக்க அழிந்துவிட்டது, திரைக்கு வெளியே பூமி சுழன்றது மட்டும் பதிவாகியிருக்கிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

2010களில் கைவிடப்பட்ட தியேட்டர்களுக்குப் போனார். கூரை பெயர்ந்து, காரை உதிர்ந்து, இருக்கைகள் சரிந்து கிடக்கும் கட்டிடங்கள். அங்கே ஏது திரை, ஏது புரொஜெக்டர், அதனால் இவரே திரையைக் கட்டி, படத்தை ஓட்டி, எடுத்தார். டெட்ராய்டின் மிச்சிகன் தியேட்டர் இப்போது கார் நிறுத்தும் இடம், மேலே அலங்காரக் கூரை அப்படியே இருக்கிறது. பிரமிப்பாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் என் மனசுக்கு இவை கொஞ்சம் ஒட்டவில்லை, பாழடைந்த இடத்தை எடுத்தாலே அழகாக வந்துவிடும், அந்த அழகு திரையின் அமைதியை அமுக்கிவிடுகிறது. பழைய, யாரும் கவனிக்காத சாதாரணத் தியேட்டர் படங்களே எனக்குப் போதும்.

சினிமாவை ஒற்றை ஃபோட்டோவாக்கிய இதே ஆள் ஒரு தடவை ஃபோட்டோவைச் சினிமாவாகவும் ஆக்கியிருக்கிறார். கியோட்டோவில் சஞ்சூசங்கென்-தோ என்ற கோயிலில் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோனின் 1001 சிலைகள் வரிசையாக இருக்கின்றன. படமெடுக்க அனுமதி வாங்கவே ஏழு வருஷம் ஆனது. 1995இல், கோயிலின் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, அதிகாலை வெளிச்சம் உள்ளே வரும் கொஞ்ச நேரத்தில் மட்டும் எடுத்தார். அந்த நிலைப்படங்களை 1997இல் ஒரு வீடியோவாக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடிக் கூடி, கடைசியில் தனித்தனிச் சிலை என்பதே இல்லாமல் போய்விடும்.

இப்போது அந்த வெள்ளைக் கேள்வி. என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று இருக்கிறது, முக்காலி இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாததால் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றைப் போதும் என்று முடிவு செய்தேன், கீழே வரிகள் ஓடும் பாட்டு. அறையை நன்றாக இருட்டாக்கி, கேமராவைப் பல்ப் மோடில் (நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து, பாட்டு தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தேன்.

முதல் தடவை ஐஎஸ்ஓ 400, துளை எஃப் 5.6 (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்). வந்தது வெள்ளைத் தாள். திரை மட்டுமா, மேஜை, சுவர் எல்லாமே வெள்ளை. இரண்டாவது தடவை ஐஎஸ்ஓ 100, எஃப் 16, அதாவது முதல் தடவையைவிட 32 மடங்கு குறைந்த எக்ஸ்போஷர். பாட்டு முடிந்ததும் ஷட்டரை மூடினேன், கேமரா ஒன்றும் காட்டாமல் அப்படியே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஹேங் ஆகிவிட்டது என்று பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், படம் போச்சு. அப்புறம்தான் தெரிந்தது, நீண்ட எக்ஸ்போஷரில் வரும் புள்ளிகளைக் கழிப்பதற்காகக் கேமரா அதே ஐந்து நிமிடத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தது என்று. நீங்கள் செய்வதானால் மெனுவில் அந்த நாய்ஸ் ரிடக்‌ஷனை முதலில் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பொறுமையாகக் காத்திருங்கள்.

மூன்றாவது தடவை வந்துவிட்டது. லேப்டாப் திரை வெள்ளைச் செவ்வகம், அதன் ஒளியில் கீபோர்டு, மேஜையில் கிடந்த பேனா, பின்சுவர் எல்லாம் மென்மையாகத் தெரிந்தன. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், கேமராவுக்கு எதிரேதான் நடந்தேன், படத்தில் நான் இல்லை. மூலையில் இருந்த மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிப்போயிருந்தது.

நான்காவது தடவைதான் விஷயமே. நண்பரிடம் கடன் வாங்கிய கறுப்புக் கண்ணாடி ஃபில்டரை லென்ஸில் மாட்டினேன், 64இல் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும் ஃபில்டர். மற்றதெல்லாம் அதே. இப்போது திரை வெள்ளையாக வரவில்லை! சாம்பல் நிறத்தில், புகை மாதிரி வந்தது, கீழே பாட்டின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளைப் பட்டையாகப் பூசியிருந்தன. ஆனால் அறையைக் காணோம். மேஜை இல்லை, சுவர் இல்லை, மோடத்தின் பச்சைப் புள்ளி மட்டும் சின்னதாக.

ஆக, கணக்குப்படி சாம்பல்தான் சரி. வெள்ளை தானாக வருவதில்லை, அது எடுப்பவர் எடுக்கும் முடிவு. இருட்டான அறையில் வேறு விளக்கு கிடையாது, திரையில் பட்டுத் திரும்பும் ஒளிதான் சுவருக்கும் இருக்கைக்கும் கிடைப்பது, அது திரையின் ஒளியில் மிகச் சின்னப் பங்கு. அந்தச் சின்னப் பங்கு போதுமான அளவு சேரும் வரை ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் திரை என்கிற குடம் பல தடவை நிரம்பி வழிந்திருக்கும். சினிமா தெரியவேண்டுமா, தியேட்டர் தெரியவேண்டுமா, இரண்டில் ஒன்றுதான். சுகிமோட்டோ தியேட்டரைத் தேர்ந்தெடுத்தார், அந்தத் தியேட்டருக்கு விளக்குப் பிடித்தது சினிமா. ஆக்ரன் சிவிக்கின் சுவர் வேலைப்பாடுகளை நாம் பார்ப்பதே, தலைப்பில்கூட இடம்பெறாத ஏதோ ஒரு சினிமாவின் வெளிச்சத்தில்தான்.

ஃபிலிமில் இது இன்னும் சிரமம். ஒளி மிகக் குறைவாக இருந்தால் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும், இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு பதியாது. ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று இதற்குப் பெயர். கோடாக்கின் ட்ரை-எக்ஸ் ஃபிலிமுக்கு அவர்களே கொடுத்த அட்டவணையில், கணக்கு 100 நொடி என்று சொன்னால் 1,200 நொடி கொடுக்கச் சொல்கிறார்கள், அதாவது 20 நிமிடம். என் சென்சாருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதோடு ஒவ்வொரு தடவையும் உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. அவருக்கு ஒரு முயற்சி என்றால் ஒரு முழு சினிமா, அப்புறம் இருட்டறை. எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார், சந்தோஷமான படம் என்றால் திரை நன்றாக ஒளிரும், சோகப் படம் என்றால் மங்கலாக வரும், பேய்ப் படம் என்றால் இன்னும் இருட்டு.

என் மூன்றாவது படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பின்சுவரில் தினசரிக் காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது, ஃபேனை நிறுத்த மறந்துவிட்டேன். மேலே அட்டையில் இருக்கும் பிள்ளையார் ஒரு கோடு பிசகாமல் பதிந்திருக்கிறார். கீழே தேதித்தாள் ஐந்து நிமிடமும் படபடத்ததில் வெறும் வெள்ளை மூட்டமாகத் தெரிகிறது, என்றைக்கு எடுத்தேன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.